மூன்றாவது கன்வெர்ட்டருக்கு முன்னால்

கோயம்புத்தூரில் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில், கிரைண்டர் வைத்து நெடுக அறுத்துப் பிளந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே துருவேறிய எஃகுக் குடுவை. உள்ளே பீங்கான் தேன்கூடு. ஓரத்து அறைகள் ஒழுங்காக இருந்தன. நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு அறைகளே இல்லை. உருகி, வழிந்து, பாகு இறுகியதுபோலப் பளபளத்தது. நகத்தால் தட்டினால் கண்ணாடிச் சத்தம் வந்தது.

மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். அதன் சொந்தக்காரர் மேட்டுப்பாளையத்திலிருந்து வாரம் இரண்டு முறை கோத்தகிரிக்கு ஏறி இறங்கும் தேயிலை வியாபாரி. நான் பார்த்தது அந்தக் காரின் இரண்டாவது கன்வெர்ட்டர். முதலாவது எழுபதாயிரம் கிலோமீட்டரில் போனது. வேறொரு பட்டறையில் ஸ்கேனரை மாட்டி, வந்த பழுதுக் குறியீட்டைப் பார்த்து, புதிதாக ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அது பதினோரு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது மூன்றாவது வாங்க வேண்டும். பெரிய தொகை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது: மூன்றாவது மட்டும் ஏன் பிழைக்கும்?

கன்வெர்ட்டரில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. தேய்மானம் மிகக் குறைவு. அது பாழாகிறது என்றால், பெரும்பாலும் இன்ஜினிலிருந்து வரக்கூடாத ஒன்று வந்து அதைப் பாழாக்கியிருக்கிறது. எது வந்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டுவது, ஒழுகும் கூரையைப் பார்க்காமல் தரைக்கு மட்டும் புதுப்பூச்சு பூசுவதுதான். ஆனாலும் நம் ஊர்ப் பட்டறைகளில் பாதிக்குமேல் இப்படித்தான் நடக்கிறது என்பது என் அனுபவம். காரணம் தேடும் முறை கடினமானது அல்ல. வரிசை தவறாமல் செய்வதற்குப் பொறுமைதான் வேண்டும்.

தேன்கூட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் அது எப்படிச் சாகிறது என்பதும் விளங்கும். கார்டியரைட் என்ற பீங்கானில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 அறை, சிலவற்றில் 600 அறை என்று நுண்ணிய குழாய்கள். சுவர்களில் அலுமினாப் பூச்சு. அந்தப் பூச்சில் சில கிராம் அளவே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். கூடவே சீரியம் ஆக்சைடு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் கார்பன் டையாக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றுவது ஒரு வேலை. நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகப் பிரிப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை ஒட்டியே இன்ஜின் ஓட வேண்டும். சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் வந்தபிறகுதான் வேலையே தொடங்கும். சீரியத்தின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்ஸிஜன் மிகும்போது அது வாங்கி வைத்துக்கொள்கிறது, குறையும்போது திருப்பிக் கொடுக்கிறது. கார் கணினி கன்வெர்ட்டரின் உடல்நிலையை எடைபோடுவது இந்தக் கொடுக்கல் வாங்கலை வைத்துத்தான்.

இந்தக் கருவியின் முதல் எதிரியே எரிபொருளாகத்தான் இருந்தது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய யூஜீன் ஹூத்ரி 1950களிலேயே கார்ப் புகைக்கான கன்வெர்ட்டரை உருவாக்கிவிட்டார். ஆனால் அன்றைய பெட்ரோலில் இருந்த ஈயம் உலோகப் பரப்பின்மேல் படிந்து அதைச் செயலிழக்க வைத்தது. 1970ல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் வந்து, 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலானபோது, ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வர வேண்டியிருந்தது. எங்கல்ஹார்ட் நிறுவனத்தில் ஜான் மூனியும் கார்ல் கீத்தும் மூன்று வாயுக்களையும் ஒருசேரக் கையாளும் வகையைச் செய்தார்கள். 1976ல் போஷ் நிறுவனத்தின் ஆக்ஸிஜன் சென்சார் வால்வோ கார்களில் ஏறிய பிறகு அது நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அந்நகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும் வந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிய 2000 பிப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னையில் வாங்கிய காரை எடுத்துக்கொண்டு ஈயமற்ற பெட்ரோல் வராத ஊருக்குப் போனவர், அங்கே கிடைத்ததை ஊற்றிக்கொண்டு தன் கன்வெர்ட்டரைத் தானறியாமல் கெடுத்திருப்பார். பழுது ஓரிடம், காரணம் வேறிடம் என்ற இந்தப் பாடம் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

சரி, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் பி 0420 என்று காட்டுகிறது. அதற்கு என்ன பொருள்? ‘கன்வெர்ட்டர் போய்விட்டது’ என்று அந்தக் குறியீடு சொல்லவில்லை. ‘கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே இருப்பதாகத் தோன்றுகிறது’ என்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒன்று. சாதாரண வகைச் சென்சார் என்றால், முன்னால் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டர் அந்த அலையைத் தணித்துவிடுவதால், பின்னால் இருப்பது 0.6, 0.7 வோல்ட்டில் நிதானமாக நிற்கும். பின்னதும் முன்னதைப்போலவே ஆடத் தொடங்கினால், ஆக்ஸிஜனைச் சேமிக்கும் சக்தி குறைந்துவிட்டது என்று கணினி முடிவு கட்டுகிறது.

ஆனால் அந்த ஆட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. மேனிஃபோல்ட் கேஸ்கட்டிலோ, பைப் இணைப்பிலோ மயிரிழை ஓட்டை இருந்தால்கூடப் புகையின் துடிப்புக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுச் சென்சாரை ஏமாற்றும். சென்சாரே முதுமையடைந்திருக்கலாம். ஒயரிங் பைப்பில் பட்டு உருகியிருக்கலாம். ஆகவே முதல் வேலை, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, புகை வெளிவரும் வாயை ஒருவர் துணியால் லேசாக அடைக்க, இன்னொருவர் குனிந்து இணைப்பு ஒவ்வொன்றிலும் ‘உஸ்’ சத்தம் வருகிறதா என்று கேட்பது. செலவே இல்லாத சோதனை. இதைச் செய்யாமல் கன்வெர்ட்டருக்கு ஆர்டர் கொடுப்பதை நான் தவறு என்றே சொல்வேன்.

இரண்டாவது, கன்வெர்ட்டர் இரு வகையில் சாகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று அடைப்பு, மற்றொன்று செயலிழப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நோயறிதல் பாதியில் திசை மாறுகிறது. அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர் பி 0420 காட்டாமலேகூட இருக்கும். ஆனால் வண்டி இழுக்காது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் ஏறாது, மூச்சு முட்டும். செயலிழந்த கன்வெர்ட்டரோ வண்டியின் ஓட்டத்தில் எந்தக் குறையும் காட்டாது. விளக்கு மட்டும் எரியும், புகைச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

அடைப்பைப் பார்க்க அருமையான கருவி பழைய வேக்குவம் கேஜ்தான். இன்டேக் மேனிஃபோல்டில் குழாயை மாட்டி, இன்ஜினை ஐடிலில் விட்டால் சமவெளியில் 18 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை முள் நிற்கும். நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ரேஸ் செய்து அப்படியே பிடித்தால் முள் ஒரு கணம் தடுமாறிவிட்டு மீண்டும் உயர்ந்து நிலைக்க வேண்டும். புகை வெளியேற வழியில்லாத வண்டியில் முள் மெல்ல, அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டே வரும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. மலையூரில் சோதிப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். மேட்டுப்பாளையத்தில் நல்ல அளவு காட்டும் இன்ஜின் கோத்தகிரியில் ஐந்தங்குலம் போலக் குறைத்துக் காட்டும், அது பழுதல்ல. முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜை மாட்டுவது இன்னும் நேரடியான வழி. ஐடிலில் ஒன்றேகால் பி.எஸ்.ஐ.க்குள், 2,500 சுற்றில் மூன்றுக்குள் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் புழங்கும் கணக்கு. சென்சாரைக் கழற்றியதுமே வண்டிக்கு உயிர் வந்ததுபோல இழுக்கத் தொடங்கினால், அதுவே பதில்.

வெப்பமானித் துப்பாக்கியைப் பற்றி மெக்கானிக்குகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. கன்வெர்ட்டரின் வாயிலைவிட வெளிவாயில் சூடாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் செத்தது என்று பழைய தலைமுறையினர் கற்றுக்கொடுத்தார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது சரி. அன்று இன்ஜினிலிருந்து நிறைய எரியாத பெட்ரோல் வந்தது, கன்வெர்ட்டர் அதை எரித்துச் சூடானது. இன்றைய இன்ஜின் நன்றாக ஓடும்போது எரிப்பதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை; நல்ல கன்வெர்ட்டரிலும் வித்தியாசம் சொற்பமே. இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் முடிவு. எதிர்த்திசையில் அது பயன்படும்: வெளிவாயில் வழக்கத்துக்கு மாறாகக் கொதித்தால், இன்ஜினிலிருந்து பெட்ரோல் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இனிக் காரணங்கள். முதலிடம் வெப்பத்துக்குத்தான். இங்கே ஒரு நுட்பம் பலருக்கும் தவறிப்போகிறது. கலவையில் பெட்ரோல் சற்றுக் கூடினால் மட்டும் கன்வெர்ட்டர் உருகிவிடாது. அதை எரிக்க ஆக்ஸிஜன் வேண்டுமே? கரி படியும், மைலேஜ் குறையும், அவ்வளவே. ஒரு சிலிண்டரில் பொறி விழாமல் மிஸ்ஸிங் ஆகும்போதுதான், பெட்ரோலும் அதை எரிக்க வேண்டிய காற்றும் இரண்டுமே பயன்படாமல் சேர்ந்து வெளியேறுகின்றன. சிலிண்டரில் நடக்காத தீ கன்வெர்ட்டருக்குள் நடக்கிறது. சாதாரணமாக 400 முதல் 800 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இடம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அந்த நிலையிலேயே நுண்ணிய உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பரப்பை இழக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தேன்கூடு முழுசாக இருக்கும், உள்ளே வேலை முடிந்திருக்கும். 1,400 டிகிரிக்கு மேல் போனால் பீங்கானே உருகுகிறது. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னுவது இந்த ஆபத்தைச் சொல்லத்தான். மின்னினால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும். நிலையாக எரியும் விளக்கோடு பட்டறை வரை போகலாம். மின்னும் விளக்கோடு மலை ஏறக் கூடாது.

பட்டறைப் பெரியவர் தேயிலை வியாபாரியிடம் முதலில் கேட்டதும் அதைத்தான்.

“ஏனுங்க, மலை ஏறும்போது லைட் எரிஞ்சுதுங்களா, மின்னுச்சுங்களா?”

“மின்னுச்சுங்க. கீழ இறங்கறப்ப நின்னு போயிருச்சுங்க. அப்புறம் அப்படியே எரிஞ்சுட்டே இருந்துச்சுங்க.”

“முன்னாடி பாத்தவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?”

“அவங்க கேக்கலைங்க.”

முந்தைய பட்டறையில் தரையில் நிறுத்தி, ஐடிலில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போது மிஸ்ஸிங் இல்லை. பெரியவர் மூன்று பிளக்குகளையும் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். முதல் இரண்டும் இளம் பழுப்பு. மூன்றாவதன் வெள்ளைப் பீங்கானில், மேலிருந்து கீழாக, பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு. அந்தச் சிலிண்டரின் காயிலை உருவி, ரப்பர் உறையைப் பிதுக்கிக் காட்டினார். அதே இடத்தில் ஒரு மெல்லிய வெடிப்பு. மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே பக்கவாட்டில் தாவியிருக்கிறது. சமதளத்தில் அது நடக்காது. மலையில் முழு ஆக்சிலேட்டரில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது பொறி தாவ அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அப்போது மின்சாரம் எளிதான வழியைத் தேடிக்கொள்கிறது. வாரம் இரண்டு முறை, கொண்டை ஊசி வளைவுதோறும், அந்த சிலிண்டரின் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்திருக்கிறது. இரண்டு கன்வெர்ட்டர்களையும் உருக்கியது அந்தக் கோடுதான்.

மிஸ்ஸிங்குக்குக் காயில் மட்டும் காரணமல்ல. சொட்டும் இன்ஜெக்டர், குறைந்த கம்ப்ரெஷன், எரிந்த வால்வு, இன்டேக்கில் காற்றுக் கசிவு எல்லாம் அங்கேதான் கொண்டுபோய் விடும். ஸ்கேனரில் ஃப்யூவல் டிரிம் என்ற அளவைப் பார்த்தால் திசை தெரியும். பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டல் காட்டினால் காற்று எங்கிருந்தோ அதிகம் நுழைகிறது அல்லது பெட்ரோல் போதவில்லை. அதே அளவு கழித்தல் காட்டினால் பெட்ரோல் வேண்டாத வழியில் வருகிறது. நம் ஊருக்கென்று இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, வெளியில் மாட்டும் எல்.பி.ஜி. கிட். ட்யூனிங் சரியில்லாவிட்டால் கலவை மெலிந்து மிஸ்ஸிங் வரும். காலப்போக்கில் வால்வு இருக்கை தேய்ந்து இடைவெளி குறைந்து கம்ப்ரெஷன் கசியும். மற்றொன்று, பேட்டரி இறங்கிய காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது. ஸ்டார்ட் ஆகாத ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத பெட்ரோல் பின்னால் போய்த் தேங்குகிறது. கன்வெர்ட்டர் உள்ள வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று பல கார்களின் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

அடுத்தது நஞ்சு. இங்கே தேன்கூடு உருகாது, உடையாது. அதன்மேல் ஒரு படலம் படிந்து வாயு உலோகத்தைத் தொடவிடாமல் தடுக்கும். நஞ்சு முதலில் முன்பக்கத்தில்தான் படியும். அதனால் முன் சென்சாரின் துளைவழியே சின்னக் கேமராவை நுழைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் கதை தெரிந்துவிடும். இன்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மம் சேர்க்கிறார்கள். ரிங் தேய்ந்தோ வால்வு சீல் போயோ ஆயில் எரிந்தால், பாஸ்பரஸ் கண்ணாடிப் பூச்சுபோல முன்பகுதியை மூடும். பெட்ரோல் கார்களுக்கான இன்றைய ஆயில் தரங்களில் பாஸ்பரஸ் அளவை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியிருப்பதே கன்வெர்ட்டரைக் காப்பாற்றத்தான். லாரிக்கு வாங்கிய டீசல் ஆயில் மிச்சமிருக்கிறது என்று பெட்ரோல் காரில் ஊற்றுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று டிப்ஸ்டிக்கில் அளந்து எழுதி வைக்காமல், ஆயில் எரியும் வண்டிக்குப் புதுக் கன்வெர்ட்டர் மாட்டக் கூடாது.

கூலன்ட் நஞ்சு இன்னும் மறைவாக வேலை செய்யும். ஹெட் கேஸ்கட் லேசாகக் கசிந்தால் தரையில் ஒரு சொட்டும் விழாது. டப்பாவில் மட்டம் மட்டும் குறையும், காலையில் வெண்புகை சற்று நேரம் நீளும். கூலன்ட்டில் உள்ள சிலிக்கேட், பாஸ்பேட் உப்புகள் தேன்கூட்டிலும் சென்சாரிலும் வெண்மையாகப் படியும். கேஸ்கட்டுக்குப் பதிலாகக் கண்ட சிலிக்கோன் பசையைத் தடவுவதும் அதே விளைவைத் தரும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று குறித்த பசை தனியாகக் கிடைக்கிறது. சிலிக்கான் எவ்வளவு கொடியது என்பதற்கு 2007ன் தொடக்கத்தில் தென்கிழக்கு இங்கிலாந்தில் நடந்தது சாட்சி. பெட்ரோலில் சிலிக்கான் கலந்துவிட, ஆயிரக்கணக்கான கார்கள் இழுவையின்றித் திணறின. ஆக்ஸிஜன் சென்சார்கள் கூட்டம் கூட்டமாகப் பழுதாயின. கந்தகம் அவ்வளவு கொடிதல்ல, நல்ல வெப்பத்தில் பெருமளவு நீங்கிவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது பெட்ரோலில் கந்தகத்தின் உச்ச அளவு 50 பி.பி.எம்.மிலிருந்து 10க்கு இறங்கியதால் அந்தக் கவலை மேலும் குறைந்தது.

அடிபட்டுச் சாவதும் உண்டு. உயரமான வேகத்தடையில் குடுவை நசுங்கியிருந்தால் கண்ணுக்கே தெரியும். ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கற்கள் உருள்வதுபோலக் கேட்டால் தேன்கூடு உடைந்துவிட்டது. மேலே உள்ள வெப்பத் தகடு தளர்ந்து அதிர்வதையும் அதையும் பிரித்தறிய வேண்டும், ஒரு கையால் தகட்டை அழுத்திக்கொண்டு தட்டினால் போதும். வெள்ளநீரில் இறங்கியதால் சூடான பீங்கான் வெடித்தது என்று பலரும் சொல்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னைத் தெருக்களில் ஓடிய கார்களை நினைத்தால், காயிலிலும் ஒயரிங்கிலும் ஈரம் ஏறி, பிறகு வாரக்கணக்கில் மிஸ்ஸிங்கோடு ஓடிப் பாழான கன்வெர்ட்டர்களே அதிகம் என்பது என் கணிப்பு. வெறும் முதுமையைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவில் கன்வெர்ட்டருக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதம் சட்டப்படியே உண்டு. எழுபதாயிரம் கிலோமீட்டரில் போன ஒன்றை ‘வயசாயிடுச்சு’ என்று தள்ளிவிட முடியாது.

ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். தேன்கூட்டை உடைத்தெடுத்துவிட்டுக் காலிக் குடுவையை மாட்டித் தருகிறோம், பின் சென்சாரை ஏமாற்ற ஒரு துண்டும் வைத்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செலவு மிச்சம் என்று வண்டிக்காரரும் தலையாட்டுகிறார். பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். என்பது புகைச் சோதனை வரம்பு. அந்த வரம்பை மீறி வெளியேறுவதைச் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் இருசக்கர வண்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை சுவாசிக்கிறது. அதோடு, இன்ஜினின் நோயைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பாகத்தையும் பிடுங்கிவிட்ட பிறகு, மிஸ்ஸிங் ஆகும் சிலிண்டர் சத்தமில்லாமல் தேயும். விலை மலிந்த மாற்றுக் கன்வெர்ட்டரிலும் எச்சரிக்கை வேண்டும். விலைமதிப்புள்ள உலோகத்தைக் குறைத்துப் பூசியிருந்தால், இன்ஜின் பழுதே இல்லாதபோதும் சில மாதத்தில் பி 0420 திரும்பி வரும். தொட்டியில் ஊற்றும் சுத்திகரிப்பு திரவம் லேசான கரிப்படிவுக்கு உதவலாம். உருகியதையும் நஞ்சேறியதையும் அது மீட்காது.

கோத்தகிரிக் காருக்கு ஒரு காயில், மூன்று பிளக்குகள் மாற்றினார்கள். கம்ப்ரெஷன் மூன்று சிலிண்டரிலும் சமமாக இருந்தது, கூலன்ட் குறையவில்லை, ஃப்யூவல் டிரிம் மூன்று சதவீதத்துக்குள். இவ்வளவையும் சீட்டில் எழுதிய பிறகுதான் பெரியவர் புதுக் கன்வெர்ட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார். மாட்டியதும் வண்டியைக் கொடுத்துவிடவில்லை. சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்கேனரை அவர் மடியில் கொடுத்து, மேட்டுப்பாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறினார். நான் பின் இருக்கையில் இருந்தேன். இரண்டாவது கியரில், முழு ஆக்சிலேட்டரில், வளைவுக்கு வளைவு மூன்றாவது சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையை வியாபாரி வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். குஞ்சப்பனையைத் தாண்டும்போதும் அது பூஜ்யம்தான்.